ஊரார் கையில் வெள்ளப்படம்



வைகைக் கரையில் இருந்துகொண்டு வெள்ளத்தைப் பற்றிப் பேச வந்தால் கேட்பவர் நகைக்கக் கூடும். ஆண்டில் பெரும்பகுதி மணலும் புதருமாய்க் கிடப்பது எங்கள் ஆறு. ஆயினும் மதுரையின் பழங்கதைகளுள் பெயர் பெற்ற ஒன்று வெள்ளக் கதையே. வைகை பெருகிக் கரை உடைந்தபோது, பாண்டிய மன்னன் உடைப்பை அடைக்க வீட்டுக்கு ஒரு பங்காகக் கரையை அளந்து விட்டான் என்பதும், பிட்டு விற்ற வந்தி என்னும் மூதாட்டியின் பங்கை அடைக்க இறைவனே கூலியாளாக வந்தான் என்பதும் நாம் எல்லோரும் அறிந்தவை. அத்திருவிழா ஆவணி மாதத்தில் இன்றும் புட்டுத்தோப்பில் நடைபெறுகின்றது. அடியார்களின் கண் அக்கதையில் கூலியாளின் மேல் நிற்கும். பல ஆண்டுகள் பூகோளம் கற்பித்த எனக்கோ, அந்தப் பங்கு அளந்த செயலே கண்ணில் நிற்கின்றது. கரையின் எந்த முழம் எவருடையது என்பது ஊருக்கே தெரிந்திருந்தது. வெள்ளத்தின் படம் ஒன்று ஊரார் மனத்தில் இருந்தது என்பதே இதன் பொருள்.

இன்று அத்தகைய படம் கணினியில் இருக்கின்றது. இவ்வளவு மழை பெய்தால் இன்ன தெரு நனையும், இன்ன வயல் முழுகும் என்று நீல நிறம் தீட்டிக் காட்டும் வெள்ளப்படங்கள் வந்துவிட்டன. கைப்பேசியில் விரலால் தொட்டால் அவை விரிகின்றன. புதிய அளவுகள் கிடைக்குந்தோறும் திருத்தப்படவும் செய்கின்றன. மனத்தில் இருந்த படத்தை ஊரார் பயன்படுத்தினர். கணினியில் இருக்கும் படத்தை அவ்வாறு பயன்படுத்துகின்றனரா? பயன்படுத்த வேண்டுமாயின் என்ன வேண்டும்? எங்கள் கீழக்குயில்குடியை நடுவில் வைத்துக்கொண்டு இதைச் சற்று ஆராய்வோம்.

மதுரைக்கு மேற்கே சமணமலையின் அடியில் இருக்கின்றது எங்கள் ஊர். செட்டிப்புடவிலும் பேச்சிப்பள்ளத்திலும் உள்ள தீர்த்தங்கரர் சிற்பங்களையும் வட்டெழுத்துக் கல்வெட்டுகளையும் காண வெளியூரார் வருவதுண்டு. மலையடியில் தாமரைக் குளமும் கோயிலும் உள்ளன. மழை பெய்தால் பாறையில் நீர் தங்காது. ஓடையாய் இறங்கிக் கண்மாயில் சேரும். கண்மாய் நிறைந்தால் கலுங்கு வழியே மறுகால் பாயும். இந்த மறுகாலே அடுத்த கண்மாய்க்கு வரத்துக்கால். இவ்வாறு ஒன்றன் மிகுதி மற்றொன்றன் வரவாகச் சங்கிலி போல் நீண்டு செல்வது மதுரை, சிவகங்கை, இராமநாதபுரச் சமவெளி முழுவதற்கும் பொதுவான ஏற்பாடு. நெல்லைச் சீமையில் குளம் என்பர்; தொண்டை நாட்டில் ஏரி என்பர்; எங்களுக்கு அது கண்மாய்.

ஆகையால் எங்கள் நாட்டில் வெள்ளம் என்பது ஆறு கரைபுரள்வது மட்டும் அன்று. கண்மாய் உடைவது, மறுகால் செல்லும் வழி அடைபட்டு நீர் வேறு வழி தேடுவது ஆகிய இரண்டுமே பெருந்துன்பம் தருவன. 2024-ஆம் ஆண்டு அக்டோபர் 25-ஆம் நாள் மதுரையில் பகற்பொழுதுக்குள் ஏறத்தாழ 10 சென்டிமீட்டர் மழை பெய்தது. அதில் பாதிக்குச் சற்றுக் குறைவு கால் மணி நேரத்தில் கொட்டியது. வைகை உடைத்துக்கொள்ளவில்லை. ஆனால் செல்லூர்க் கண்மாயின் மிகுதி நீரைப் பந்தல்குடிக் கால்வாய் தாங்கமாட்டாமல், செல்லூர்ப் பகுதியின் வீடுகளுக்குள் நீர் புகுந்தது. அதற்கு முந்திய ஆண்டில், 2023 டிசம்பர் 17, 18-ஆம் நாட்களில், காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை பெய்தது. அப்பொழுது தாமிரபரணி பெருகியது ஒருபுறம் இருக்க, கோரம்பள்ளம் குளம் முதலாகப் பல குளங்களின் கரைகள் உடைந்து தூத்துக்குடி மாவட்டம் நீரில் நின்றது.

இனி, இந்தப் படங்கள் எவ்வாறு உண்டாகின்றன என்பதைச் சொல்ல வேண்டும். படத்துக்கு வேண்டிய மூலப்பொருள் இரண்டு. நிலத்தின் மேடுபள்ளக் கணக்கு ஒன்று. நீர் நின்றதற்குச் சாட்சி மற்றொன்று. மேடுபள்ளத்துக்கு உலகெங்கும் பெரிதும் கையாளப்படுவது, 2000-ஆம் ஆண்டு பிப்ரவரியில் எண்டவர் என்னும் அமெரிக்க விண்ணோடம் 11 நாள் பூமியைச் சுற்றி ரேடாரால் எடுத்த அளவு. 2005-இல் நம் நாடு ஏவிய கார்ட்டோசாட்-1 எடுத்த அளவும் உண்டு. நீரின் சாட்சிக்கு ரேடார்ச் செயற்கைக்கோள்கள் இருக்கின்றன. மழைநாளில் மேகம் மூடியிருப்பதால் சாதாரண ஒளிப்படக் கருவி வானத்திலிருந்து ஒன்றும் காணாது. ரேடார் அலையோ மேகத்தை ஊடுருவிச் செல்லும். அசையாத நீர்ப்பரப்பின் மேல் அது பட்டால், கண்ணாடியில் பட்ட ஒளிபோல் வேறு பக்கம் தெறித்துவிடும், திரும்பி வராது. ஆகவே நீர் நின்ற இடம் படத்தில் கறுத்துத் தோன்றும். ஐரோப்பியர் 2014-இல் ஏவிய சென்டினல்-1, நாம் 2022 பிப்ரவரியில் ஏவிய இ.ஓ.எஸ்.-04 ஆகியவை இத்தகையன. ஐதராபாத்திலுள்ள தேசியத் தொலையுணர்வு மையம் 1998 முதல் 2022 வரை வானிலிருந்து கண்ட வெள்ளங்களைத் தொகுத்து 2023-இல் ஒரு பெரிய படத்தொகுதியையே வெளியிட்டது.

அருமையான வேலை, இதில் ஐயமில்லை. ஆனால் இதன் எல்லையையும் அறிய வேண்டும். விண்ணோட அளவில், 30 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் உள்ள ஒரு சதுரத்துக்கு ஓர் உயரமே குறிக்கப்படும். அந்த உயரமும் சில மீட்டர் முன்பின்னாக இருக்கலாம். எங்கள் கண்மாய்க் கரையின் தலைப்பு ஒரு மாட்டுவண்டி செல்லும் அகலம். முப்பது மீட்டர்ச் சதுரத்தில் கரையின் உயரம் அக்கம்பக்கத்து உயரங்களோடு கலந்து கரைந்துவிடுகின்றது. கங்கைச் சமவெளியில் பல கல் அகலம் பரவும் வெள்ளத்துக்கு இது பெரிய குறையன்று. கரையையும் கலுங்கையும் நம்பி வாழும் நாட்டுக்கோ பெருங்குறை. மேலும், நிறைந்த கண்மாயும் நாற்று நட்ட வயலும் ரேடார்க் கண்ணுக்கு வெள்ளம் போலவே தோன்றும். எது நாம் வேண்டிப் பெற்ற நீர், எது வேண்டாமல் வந்த நீர் என்று பிரித்தறிய, அந்த இடத்தை அறிந்த ஒருவர் துணை வேண்டும்.

இதை நான் நூலில் படித்து மட்டும் சொல்லவில்லை. எங்கள் ஊர்ப்புறத்தின் உயரப் படம் ஒன்றைக் கணினிக் கடையில் பெரிய தாளில் அச்சிட்டு வாங்கித் தேநீர்க் கடை மேசையில் விரித்தேன். வயதில் என்னினும் மூத்த ஒருவர், முன்னாளில் கண்மாயில் நீர்பாய்ச்சியாக இருந்தவர், நெடுநேரம் பார்த்தார். எழுத்து அறியாதவர். மலையைக் கண்டுகொண்டார், சாலையைக் கண்டுகொண்டார். பின்னர், "வாத்தியாரய்யா, இதுல கரையக் காணோமே. கரை இல்லாத கம்மாயி எங்கய்யா இருக்கு?" என்றார். அறிவியலார் பல பக்கங்களில் எழுதும் குறையை அவர் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டார்.

படம் குறையுடையது, ஆகவே வேண்டா என்று முடிவு கட்டுவோரும் உண்டு. அவர்களுக்கு ஜப்பான் நாட்டில் நடந்ததைச் சொல்வேன். அந்நாட்டில் நகராட்சிகள் வெள்ள அபாயப் படம் வரைந்து வீடுதோறும் கொடுப்பது வழக்கம். குராஷிக்கி நகரத்தில் மாபி என்னும் பகுதிக்கும் அவ்வாறு படம் இருந்தது. 2018-ஆம் ஆண்டு ஜூலையில் அங்கே ஆற்றங்கரைகள் உடைந்தன. நீர் பரவிய இடங்கள், முன்பே வரைந்திருந்த படத்தோடு ஏறத்தாழ முழுதும் பொருந்தின. ஆனால் அப்பகுதியில் 51 பேர் மாண்டனர். அவர்களில் பெரும்பாலோர் முதியோர். பலர் தம் வீட்டின் கீழ்த்தளத்திலேயே இறந்துகிடந்தனர். படம் சரியாக இருந்தது, வீட்டிலும் இருந்தது. இருந்தும் உயிர்கள் போயின. கையில் கொடுப்பது வேறு, கைக்கொள்வது வேறு என்பதற்கு இதனினும் துயரமான சான்று வேண்டுமோ?

ஏன் மக்கள் கைக்கொள்வதில்லை? முதற்காரணம் மொழி. 2023 ஆகஸ்டில் மத்திய நீர் ஆணையம் ஃபிளட்வாட்ச் இந்தியா என்னும் செயலியை வெளியிட்டது. ஆற்று நிலையங்களின் நீர்மட்டத்தை அது காட்டும், குரலிலும் சொல்லும். நல்ல முயற்சி. ஆனால் வெளியிட்டபோது அது பேசியவை ஆங்கிலமும் இந்தியும். எங்கள் ஊர் மூதாட்டிக்கு அவை இரண்டும் ஒன்றே. தமிழக அரசு 2024-இல் பருவமழைக்கு முன் வெளியிட்ட டி.என். அலர்ட் என்னும் செயலி தமிழில் மழை அறிவிப்பும் அணைகளின் நீர்மட்டமும் சொல்கின்றது. இது வழி. ஆயினும் மொழி என்பது எழுத்து மட்டுமன்று. "1.2 மீட்டர் ஆழம்" என்று தமிழில் எழுதினாலும் பலருக்கு அது வேற்றுமொழியே. கணுக்கால், முழங்கால், இடுப்பு, கழுத்து என்றால் பச்சைக் குழந்தைக்கும் விளங்கும். இந்தோனேசியத் தலைநகர் ஜகார்த்தாவில் 2014-இல் தொடங்கிய வெள்ளப்பட முறையில், பின்னாளில் மனித உருவம் ஒன்றை வரைந்து, அதன் மேல் நீர்மட்டத்தை விரலால் ஏற்றி இறக்கிக் காட்டும்படி செய்தனர். அதைச் செய்தவர் மக்களின் மனம் அறிந்தவர்.

இரண்டாம் காரணத்தை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. அது நிலத்தின் விலை. படம் திருத்தப்பட்டு, நேற்று வெள்ளையாக இருந்த மனை இன்று நீலமானால், வாங்க வருபவர் தயங்குவர். கடன் கொடுப்பவர் கேள்வி கேட்பர். ஆகையால் நீலம் தீட்டியவர் மேல் சினம் வருகின்றது. இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய குணமன்று. அமெரிக்காவில் 1968-இல் வெள்ளக் காப்புறுதிச் சட்டம் வந்த நாள் முதல், வெள்ளப்படத்தின் கோடு எங்கே செல்கின்றது என்பது வீட்டுக்காரரின் பணப்பையைத் தொடும் செய்தியாயிற்று. அங்கே படத்தைத் திருத்தும்போது ஊராரின் எதிர்வாதத்துக்கு 90 நாள் இடம் கொடுக்கின்றனர். வெறுங்கூச்சல் ஏற்கப்படாது. படத்தின் அளவினும் சிறந்த அளவு கொண்டுவந்து காட்ட வேண்டும். நான் இவ்வேற்பாட்டை மிகவும் விரும்புகின்றேன். சினத்தை அளவுகோலாக மாற்றும் வழி அது.

மூன்றாவதாக ஒன்று உண்டு. எங்கள் ஊர்ப்பக்கத்தில் அதுவே பெரியது. நகரம் மேற்கே வளர்ந்து வருகின்றது. வயல்கள் வீட்டடி மனைகளாகின்றன. ஆகவே இங்கே இப்பொழுது இருவகை மக்கள் வாழ்கின்றனர். பழைய ஊரார் நிலத்தை அறிவர்; எந்த ஆண்டு மறுகால் எங்கே புரண்டது என்பதை விரல்விட்டுச் சொல்வர்; ஆனால் கணினிப் படத்தைப் பார்த்தறியார். புதிதாகக் குடியேறியவர் படத்தைக் கைப்பேசியில் நொடியில் எடுப்பர். ஆனால் தம் வீட்டின் கீழ் ஓடிய ஓடையை அறியார். இவ்விரு சாராரும் ஒருவரோடொருவர் பேசுவது அரிது. கோயில் திருவிழாவில் ஒன்றாக நிற்பர், அவ்வளவே. வெள்ளப்படம் அரசாங்கத்துக்கும் மக்களுக்கும் நடுவே நிற்பது என்று எல்லோரும் எண்ணுகின்றனர். முதலில் அது இந்த இருவகை மக்களுக்கும் நடுவே விரிக்கப்பட வேண்டும் என்பது என் கருத்து.

மதுரை நகரத்தின் பெயர்களையே பாருங்கள். தல்லாகுளம், பீபிகுளம், சம்பக்குளம், உலகனேரி என்று நீர்நிலைகளின் பெயர்கள் வரிசையாக வருகின்றன. இன்று அங்கே நீரைத் தேடினால் பெரும்பாலும் கட்டடங்களே எதிர்ப்படும். நாகமலைப் பக்கத்திலிருந்து புறப்பட்டு நகருக்குள் வரும் கிருதுமால், புராணத்தில் மச்சாவதாரக் கதையோடு சேர்த்துச் சொல்லப்படும் கிருதமாலையே என்பர் பலர். அந்தப் புண்ணிய நதி நகருக்குள் கழிவுநீர்க் கால்வாயாகக் கிடக்கின்றது. பெயர் என்பதும் ஒரு வெள்ளப்படமே. புதிய குடியிருப்புகளுக்குப் பழைய பெயரை விட்டுவிட்டு "கார்டன்" என்றும் "அவென்யூ" என்றும் சூட்டுவதை நான் விரும்பாமைக்கு இதுவும் ஒரு காரணம். தமிழ்ப் பற்று மட்டும் அன்று.

ஊரார் தாமே படம் திருத்திய வரலாறு நம் மாநிலத்திலேயே உண்டு. 2015-ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாள் தொடங்கிய பெருமழையில், தாம்பரத்தில் மட்டும் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் பெய்தது. சென்னை நகரமும் புறநகரும் முழுகின. எந்தச் சாலை செல்லத்தக்கது, எது செல்லத்தகாதது என்று எவரும் அறியார். அப்பொழுது ஓப்பன் ஸ்ட்ரீட் மேப் என்னும் பொதுப்படத்தில் ஈடுபட்ட ஆர்வலர்கள், சென்னைத் தெருக்களின் படம் ஒன்றை இணையத்தில் விரித்தனர். நீர் நிற்கும் தெருவைத் தொட்டால் அத்தெரு நிறம் மாறும். அவ்வளவே ஏற்பாடு. சில நாட்களில் 2,500-க்கும் மேற்பட்ட தெருக்களை மக்கள் குறித்தனர். அந்தப் பொதுப்படம் 2004-இல் இங்கிலாந்தில் தொடங்கியது. உலகில் எவரும் அதில் தம் ஊரை வரையலாம், திருத்தலாம். பிறகு 2017-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தார், ஜகார்த்தா முறையைத் தழுவிச் சென்னைக்கு ஒரு வெள்ளப்படம் அமைத்து ஒத்திகை பார்த்தனர். மக்கள் குறித்த சென்னைப் படத்தில் தவறான குறிப்புகளும் இருந்திருக்கும். ஆயினும் தம் கையால் குறித்த படத்தை மக்கள் ஐயுறவில்லை என்பதே கவனிக்கத் தக்கது.

அரசாங்கத்தின் பட்டியலிலும் ஊரின் குரலுக்கு இடம் இல்லாமல் இல்லை. தமிழகத்தில் மழைவெள்ளத்தால் பாதிக்கப்படக்கூடியவை என 4,399 இடங்களைக் கண்டறிந்து, மிக அதிகம், அதிகம், நடுத்தரம், குறைவு என நால்வகையாகப் பிரித்ததாக அறிவிப்புகள் பல ஆண்டுகளாகச் சொல்லி வந்தன. அந்த எண்ணில் தம் தெரு உண்டா என்று கேட்டறிந்தவர் எத்தனை பேர்? கேட்பதற்குக் கிராம நிர்வாக அலுவலர் இருக்கின்றார். கிராம சபையும் இருக்கின்றது. அக்டோபர் 2-ஆம் நாள் கிராம சபை கூடுவது, வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்குச் சரியாகச் சில நாட்கள் முன்பு. காந்தியடிகள் பிறந்த நாளும் கார்காலமும் இவ்வாறு அடுத்தடுத்து வந்தது நம் நல்லூழ். அன்று வரவுசெலவு படித்து முடித்ததும் வெள்ளப்படத்தைச் சுவரில் மாட்டி அரைமணி நேரம் பார்த்தால் என்ன?

பார்க்கும் முறை ஒன்று உண்டு. ஆசிரியப் பயிற்சியில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த முதற்பாடம், தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்க என்பது. தேசப்படம் கற்பிக்கும்போது முதலில் வகுப்பறையின் படம் வரைவோம். பின்பு பள்ளி, பின்பு தெரு, பின்பு ஊர். பள்ளியில் பணியாற்றிய காலத்தில் மாணவர்களைச் சமணமலையின் மேல் அழைத்துச் செல்வது என் வழக்கம். அங்கே நின்றால் கிழக்கே மதுரையும், திருப்பரங்குன்றமும், வடக்கே நாகமலையின் நீண்ட முதுகும் தெரியும். கீழே கண்மாய்கள் தட்டுப்போல் மின்னும். எது மேல்கண்மாய், எது கீழ்க்கண்மாய், எதன் மறுகால் எதற்குச் செல்கின்றது என்று அம்புக்குறி இட்டு வரையச் சொல்வேன். மலையிலிருந்து பார்த்து வரைந்த பிள்ளைக்கு, வானத்திலிருந்து பார்த்த படம் அயலாகத் தோன்றாது. இன்றைய ஆசிரியர்களுக்கும் இதைச் சொல்வேன். கைப்பேசிப் படத்தைக் காட்டுமுன் மேட்டின்மேல் ஏற்றுங்கள். மேடு இல்லாத ஊரில் பள்ளிக்கூட மாடி போதும்.

அடுத்து வேண்டுவது, கணினிப் படத்தோடு ஊரின் பழைய புலப்படத்தையும் சேர்த்து வைத்துப் பார்ப்பது. கிராமப் புலப்படத்திலும் "அ" பதிவேட்டிலும் ஓடைப் புறம்போக்கு, நீர்ப்பிடிப் புறம்போக்கு, வாய்க்கால் என்று தனித்தனியே எண் கொடுத்திருக்கும். ஏரோட்டி மறைத்த ஓடையும், மனைக்கல் ஊன்றி மறைத்த வாய்க்காலும் அங்கே மறையாமல் இருக்கும். கண்மாய்களைக் காக்கவும் ஆக்கிரமிப்பை அகற்றவும் 2007-இல் தனிச் சட்டமே இயற்றப்பட்டுள்ளது. வானத்துப் படம் இன்றைய நிலத்தைக் காட்டும். புலப்படம் நீரின் பட்டாவைக் காட்டும். இரண்டும் எங்கே முரண்படுகின்றனவோ அங்கேதான் அடுத்த மழையில் நீர் வழக்குத் தொடுக்கும்.

தேநீர்க் கடையில் விரித்த தாளை நான் பின்பு சாவடிக்குக் கொண்டுசென்றேன். புதுக்குடியிருப்பிலிருந்தும் சிலரை அழைத்தேன். வந்தவர் அனைவரும் வண்ணப் பென்சிலால் தாம் அறிந்ததைக் குறித்தனர். கரையை முதலில் சிவப்பில் வரைந்தவர் அந்த நீர்பாய்ச்சியே. கலுங்கு இருக்கும் இடம், பெருமழையில் நீர் எத்தனை நாள் நின்றது, எந்த வீட்டுத் திண்ணைவரை ஏறியது என்பவற்றைப் பெண்கள் மிகத் துல்லியமாகச் சொன்னார்கள். அடுப்பு நனைந்த நாளை அவர்கள் மறப்பதில்லை.

வந்தவர்களுள் ஒருவர், ஓய்வுபெற்றபோது கிடைத்த தொகை முழுவதையும் போட்டு மனை வாங்கியவர். இன்னும் வீடு கட்டவில்லை. தம் மனையின் மேல் விரலை வைத்தார். நீர்பாய்ச்சி சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "தம்பி, இது மறுகாலு போற தடமப்பா" என்றார். அவர் முகம் வாடியதை நான் கண்டேன். விற்றவர் இதைச் சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. "சார், இப்ப நான் என்ன செய்றது?" என்று என்னைக் கேட்டார். மனையை விட்டுவிடுங்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அச்சமின்றிக் கட்டுங்கள் என்று சொல்லவும் உரிமையில்லை. அன்று மாலை முழுதும் பேசினோம். பேஸ்மட்டத்தை உயர்த்தினால் அவர் வீடு தப்பும். ஆனால் ஒருவர் மேடாக்கினால் அடுத்தவர் பள்ளமாவார். ஆகவே தெருக்காரர் எல்லோரும் சேர்ந்து, மனைகளின் பின்புறம் நீர் செல்ல அகலம் விடுவது, தெருவின் குறுக்கே சிறு குழாயை எடுத்துவிட்டுப் பாலம் கேட்டு ஊராட்சிக்கு மனுக் கொடுப்பது என்று பேச்சு வந்தது. மனுவோடு பென்சில் குறித்த படத்தின் நகலையும் இணைத்தோம். தம் மனையில் மறுகாலின் தடம் போக எஞ்சிய பகுதியில் மட்டும் சிறு வீடாகக் கட்டுவது என்று அவர் எண்ணத்தை மாற்றிக்கொண்டிருக்கின்றார். பாலம் இன்னும் வரவில்லை.

படம் ஒருமுறை வரைந்து தீரும் பொருளன்று. ஆண்டுதோறும் மழை முடிந்ததும், நீர் நின்ற உயரத்தைப் பள்ளிச் சுவரிலும் மின்கம்பத்திலும் சாயத்தால் கோடிட்டு நாளை எழுதி வைத்தால், அடுத்த திருத்தத்துக்கு அதனினும் நல்ல சான்று இல்லை. மேலே சொன்ன பொதுப்படத்தில் கரையையும் கலுங்கையும் வரையப் புதுக்குடியிருப்பு இளைஞர் இருவர் முன்வந்தனர். முதியவர் இடத்தைக் காட்ட, இளைஞர் கைப்பேசியில் குறிக்க, இருவரும் கரையின் மேல் நடந்தனர்.

ஓர் இடத்தில் மட்டும் கருத்து ஒத்துவரவில்லை. மறுகால் கண்மாயை விட்டு இறங்கிச் சிறிது தொலைவு சென்றபின், புளியமரத்துக்குக் கிழக்கே திரும்பியதாக நீர்பாய்ச்சி சொல்கின்றார். அவர் வயதொத்த மற்றொருவர், மரத்துக்கு மேற்கேதான் என்று சாதிக்கின்றார். புலப்படத்தில் அந்தப் பகுதி தெளிவாக இல்லை. மரமும் இன்று இல்லை. வரும் பெருமழையில் அங்கே போய் நின்று பார்ப்பதென்று முடிவு செய்து, தாளில் அவ்விடத்தை இருவர் சொன்னபடியும் இரண்டு புள்ளிக்கோடுகளாக விட்டிருக்கின்றோம்.